‘தம்’ எவ்வளவு, வேகம் எவ்வளவு: ஓட்டத்தில் ஏரோபிக், அனேரோபிக் திறனை அளக்க முழுமையான வழிகாட்டி

இரண்டு பேர் 1600 மீட்டரை 5 நிமிடம் 36 நொடியில் முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ராணுவத் தேர்வில் முழு மதிப்பெண்ணுக்கு 5 நிமிடம் 30 நொடி வேண்டும். இருவருக்கும் குறைவது அதே 6 நொடிதான். ஆனால் ஒருவருக்கு வேண்டியது நீண்ட ஓட்டம், இன்னொருவருக்கு வேண்டியது குறுகிய வேக ஓட்டம். 5:36 என்ற ஒற்றை எண்ணைப் பார்த்து இதைச் சொல்லவே முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மைதானங்களில் விடியற்காலையில் கூடும் குழுக்களில் எல்லோருக்கும் ஒரே பயிற்சி கொடுக்கப்படுவதும், பாதிப் பேர் மாதக்கணக்கில் அதே நேரத்தில் தேங்கி நிற்பதும் இதனால்தான்.

எது குறைகிறது என்று கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. ஸ்டாப்வாட்ச், அளவு டேப், உதவிக்கு ஒருவர், இரண்டு காலைப் பொழுதுகள் போதும்.

எதை அளக்கிறோம்

ஆக்சிஜனைக் கொண்டு உடல் தொடர்ந்து உண்டாக்கும் சக்தி ஏரோபிக். ஆக்சிஜன் வந்து சேர்வதற்கு முன்பும், அது போதாதபோதும் தசை தன்னிடம் உள்ளதை வைத்து உண்டாக்கும் சக்தி அனேரோபிக். இரண்டும் எப்போதும் சேர்ந்தேதான் ஓடும், பங்குதான் மாறும். முழு மூச்சாக ஓடும் ஓட்டம் ஏறக்குறைய 75 நொடி நீடித்தால் இரண்டின் பங்கும் சமமாகிவிடும். 100 மீட்டர் பெரும்பாலும் அனேரோபிக். 1500 மீட்டரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஏரோபிக். ‘1500 வேக ஓட்டம்தானே’ என்று தினமும் 200, 400 மீட்டர்களையே அடித்துக்கொண்டிருப்பவர்கள் இந்த விகிதத்தை மனத்தில் வைக்க வேண்டும்.

இந்த வழிகாட்டியில் இரண்டு அளவுகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று எல்லை வேகம்: அரை மணி நேரம் அளவுக்குத் தாக்குப்பிடிக்கக்கூடிய மேல்வரம்பு வேகம். இது ஏரோபிக் திறனின் அளவு. மற்றது கையிருப்பு: அந்த எல்லையைத் தாண்டிய வேகத்தில் ஓடும்போது, தீர்ந்துபோகும் முன் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் மீட்டர்கள். இது அனேரோபிக் பக்கத்தின் அளவு. விளையாட்டு அறிவியலில் இவற்றை கிரிட்டிக்கல் ஸ்பீடு, டி-பிரைம் என்பார்கள்.

யார் ஓடக்கூடாது

நெஞ்சுவலி, ஓடும்போது மயக்கம், சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பார்த்த பிறகே முழு மூச்சுச் சோதனை. காய்ச்சல் வந்து போயிருந்தால் முழுதாகத் தேறும்வரை காத்திருங்கள். தொடர்ந்து 6 வாரமாவது ஓடிப் பழகாதவர் இந்தச் சோதனைகளைத் தள்ளிப்போடுவது நல்லது. சோதனையின் முடிவும் அவருக்குப் பயன்படாது, கெண்டைக்காலும் தொடையின் பின்தசையும் பிடித்துக்கொள்ளும்.

தூரத்தைச் சரியாக அளப்பது

பெரும்பாலான பிழை இங்கேதான் தொடங்குகிறது. மாவட்ட விளையாட்டு அரங்கின் 400 மீட்டர் தடத்தில் முதல் லேனில் மட்டும்தான் ஒரு சுற்று 400 மீட்டர். இரண்டாவது லேனில் அது சுமார் 407. அங்கே 8 சுற்று ஓடினால் 56 மீட்டர் கூடிவிடும், நேரம் 12 நொடிக்கு மேல் கெட்டுவிடும். நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் முதல் லேனை நிரப்புவதற்கு முன்பே போய்விடுங்கள்.

ஜி.பி.எஸ். கைக்கடிகாரம் காட்டும் தூரத்தை நம்பிச் சோதனை செய்யாதீர்கள். வளைவுகளில் அது மூலையை வெட்டியோ அகலமாகவோ பதிவு செய்யும். சுற்றுகளை எண்ணுங்கள், தூரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அரூர், பென்னாகரம், தேன்கனிக்கோட்டை போன்ற ஊர்களில் பள்ளி மைதானம்தான் கிடைக்கும் என்றால் 200 மீட்டர் தடத்தை நீங்களே போடலாம். சுமார் 85 மீட்டர் நீளமும் 35 மீட்டர் அகலமும் உள்ள சமதளம் போதும். 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைகள் அடியுங்கள். ஒவ்வொரு முளையிலும் 15.62 மீட்டர் கயிறு கட்டி வெளிப்பக்கம் அரைவட்டம் இழுத்துச் சுண்ணாம்புத் தூள் போடுங்கள். அரைவட்டங்களின் முனைகளை 50 மீட்டர் நேர்கோடுகளால் இணையுங்கள். கோட்டை மிதிக்காமல், அதிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓடினால் ஒரு சுற்று 200 மீட்டர். கயிறு நைலானாக இருந்தால் இழுக்க இழுக்க நீளும், அதனால் சணல் கயிறோ அளவு டேப்போ நல்லது. இந்தச் சிறிய வட்டத்தில் வளைவு இறுக்கமாக இருப்பதால் 400 மீட்டர் தடத்தைவிட நேரம் சற்றுக் கூடும். ஆகவே ஒரு தடத்தில் ஓடியதை அதே தடத்தில் ஓடியதோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

சாலையில் அளக்க வேண்டாம். வத்தல்மலைப் பாதை மாதிரி ஏற்ற இறக்கம் உள்ள இடத்தில் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இல்லை. தொப்பூர் கணவாய் பக்கமோ தேசிய நெடுஞ்சாலை ஓரத்திலோ நேரம் பார்த்து ஓடுவது உயிருக்கே ஆபத்து.

காலமும் வயிறும்

காலை 5:45 முதல் 6:30-க்குள் தொடங்குங்கள். ஏப்ரல், மே மாதங்களில் 7 மணிக்கே வெயில் ஏறிவிடும். அந்தச் சூட்டில் உடல் தன்னைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தத்தை அனுப்பும், காலுக்குப் போவது குறையும், நீண்ட ஓட்டம் முதலில் கெடும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரின் குளிர்ந்த காலையில் எடுத்த நேரத்தை, கோடைக்காலத் தர்மபுரியில் எடுத்த நேரத்தோடு சேர்த்துவைத்து ‘திறன் குறைந்துவிட்டது’ என்று முடிவு கட்டக்கூடாது. நோட்டில் நேரத்தோடு வெப்பநிலையையும் காற்றையும் எழுதுங்கள்.

முந்தைய இரவு வழக்கமான சாப்பாடு. களியாக இருந்தாலும் சரி, ஆனால் நேரத்தோடு சாப்பிட்டுவிடுங்கள். காலையில் ஓட்டத்துக்கு 45 நிமிடம் முன்பு ஒரு வாழைப்பழம், கொஞ்சம் தண்ணீர். முந்தைய நாள் கடும்பயிற்சி இருக்கக்கூடாது.

முதன்மைச் சோதனை: 1200, 3200

ஒரு சோதனை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். தனித்தனி நாள்களில், நடுவில் குறைந்தது 48 மணி நேரம் விட்டு, இரண்டு தூரங்களையும் முழுத் திறனோடு ஓட வேண்டும். குறுகிய ஓட்டம் 3 முதல் 5 நிமிடமும், நீண்ட ஓட்டம் 10 முதல் 15 நிமிடமும் நீடிக்க வேண்டும் என்பதே விதி. 3200 மீட்டருக்கு 16 நிமிடம் ஆகும் என்பவர் 800, 2400 மீட்டர்களை எடுத்துக்கொள்ளலாம். சூத்திரம் மாறாது.

1. 10 முதல் 12 நிமிடம் மெதுவோட்டம். கால்களை ஆட்டி, முட்டி உயர்த்தி, குதிகால் தூக்கி அசைவுப் பயிற்சிகள். 70 மீட்டரில் 4 முறை படிப்படியாக வேகமெடுத்து ஓட்டம். 5 நிமிடம் நடை.

2. நின்ற நிலையிலிருந்து விசிலுக்குப் புறப்படுங்கள். விசில் ஊதுபவரே ஸ்டாப்வாட்சையும் அழுத்தட்டும்.

3. உதவியாளர் ஒவ்வொரு சுற்று நேரத்தையும் சத்தமாகச் சொல்லி, எழுதிக்கொள்ள வேண்டும். 200 மீட்டர் தடத்தில் 3200 என்பது 16 சுற்று. 16 கூழாங்கற்களைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுக்கு ஒன்றாகக் கீழே போடச் சொல்லுங்கள், எண்ணிக்கை தப்பாது.

4. 3200-இல் முதல் சுற்றுதான் பொறி (இங்கே சுற்று என்பது 400 மீட்டர்). 12 நிமிட இலக்கு என்றால் 400 மீட்டருக்கு 90 நொடி. உடம்பு புதிதாக இருக்கும்போது 80 நொடி சுலபமாக வந்துவிடும். அப்படிப் போனவர் ஐந்தாவது சுற்றில் 97, 98 என்று சரிவார். முதல் சுற்றுக்கும் ஏழாவது சுற்றுக்கும் 4 நொடிக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தச் சோதனையைக் கணக்கில் சேர்க்காமல் இன்னொரு நாள் ஓடுங்கள்.

5. முடித்ததும் உட்காராதீர்கள். 5 நிமிடம் நடங்கள், பிறகு 10 நிமிடம் மெதுவோட்டம்.

கணக்கு

நேரங்களை நொடிகளாக மாற்றுங்கள். தூரங்களின் வித்தியாசத்தை நேரங்களின் வித்தியாசத்தால் வகுத்தால் எல்லை வேகம். அந்த வேகத்தைக் குறுகிய ஓட்டத்தின் நேரத்தால் பெருக்கி, வருவதைக் குறுகிய தூரத்திலிருந்து கழித்தால் கையிருப்பு.

முதலில் சொன்ன இருவரையும் எடுப்போம். முதலாமவர் 1200-ஐ 4:00 நிமிடத்திலும் 3200-ஐ 12:00 நிமிடத்திலும் முடித்தார். தூர வித்தியாசம் 2000 மீட்டர், நேர வித்தியாசம் 480 நொடி. எல்லை வேகம் நொடிக்கு 4.17 மீட்டர், அதாவது கிலோமீட்டருக்கு 4:00. இதை 240 நொடியால் பெருக்கினால் 1000 மீட்டர். கையிருப்பு 200 மீட்டர்.

இரண்டாமவர் 1200-ஐ 3:54, 3200-ஐ 12:22. வித்தியாசம் 508 நொடி. எல்லை வேகம் 3.94, அதாவது கிலோமீட்டருக்கு 4:14. கையிருப்பு சுமார் 279 மீட்டர்.

இனி 1600-இன் நேரத்தைக் கணிக்கலாம். 1600-இலிருந்து கையிருப்பைக் கழித்து எல்லை வேகத்தால் வகுக்க வேண்டும். முதலாமவருக்கு 1400 வகுத்தல் 4.17, 336 நொடி. இரண்டாமவருக்கு 1321 வகுத்தல் 3.94, அதே 336 நொடி. கடைசிச் சுற்றில் எல்லோரையும் தாண்டிப் போகும் இரண்டாமவரை ‘வேகம் இருக்கு, தம் இல்லை’ என்று மைதானத்தில் சொல்வார்கள். அது எவ்வளவு இல்லை என்பது இப்போது எண்ணாகக் கையில் இருக்கிறது: கிலோமீட்டருக்கு 14 நொடி.

330 நொடிக்கு வர முதலாமவருக்கு இரண்டு வழி உண்டு. எல்லை வேகம் 4.24 ஆக வேண்டும், அல்லது கையிருப்பு 225 மீட்டர் ஆக வேண்டும். அவருடைய எல்லை வேகம் ஏற்கெனவே நன்றாக இருப்பதால் கையிருப்புப் பக்கம் முயல்வதே பலன் தரும். இரண்டாமவருக்கு எல்லை வேகம் 4.00 ஆனால் போதும். அவருக்கு அதில் நிறைய இடம் இருக்கிறது.

இந்த எண்கள் எங்கே ஏமாற்றும்

கையிருப்பு மிகவும் நுட்பமான எண். முதலாமவர் வெயிலில் ஓடி 3200-ஐ 12:20-இல் முடித்திருந்தால்? எல்லை வேகம் 4.00, 4 சதவீதச் சரிவு. கையிருப்போ 240, 20 சதவீத உயர்வு. நீண்ட ஓட்டத்தைச் சொதப்பியவருக்கு ‘அனேரோபிக் திறன் கூடிவிட்டது’ என்று கணக்கு பொய் சொல்லும். மறுபக்கம், 1200-இல் 5 நொடி அடக்கி ஓடினால் கையிருப்பு 168 ஆகக் குறைந்து தெரியும். ஆகவே கையிருப்பு 100-க்குக் கீழோ 350-க்கு மேலோ வந்தால் உடம்பைச் சந்தேகிக்கும் முன் ஓட்டங்களைச் சந்தேகியுங்கள்.

ஒரே ஸ்டாப்வாட்ச், பெரிய குழு

30 பேரை ஒரே காலையில் அளக்க வேண்டிய உடற்கல்வி ஆசிரியருக்குக் கூப்பர் சோதனை வசதி. அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் வெளியிட்ட முறை இது. 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓடினார் என்பதே கேள்வி. தடத்தில் 50 மீட்டருக்கு ஒரு கோன் வையுங்கள். பாதிப் பேர் ஓட, மீதிப் பேர் ஆளுக்கொருவரைப் பார்த்து எண்ணட்டும். கடைசி விசிலுக்கு எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

மீட்டரில் தூரத்திலிருந்து 504.9-ஐக் கழித்து 44.73-ஆல் வகுத்தால் விஓ2 மேக்ஸ் மதிப்பீடு கிடைக்கும். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடிகிறது என்பதே அது. 2400 மீட்டருக்கு 42, 2800 மீட்டருக்கு 51. இது முகமூடி மாட்டி டிரெட்மில்லில் அளந்த அளவு அல்ல, வேகத்திலிருந்து ஊகித்தது. சிக்கனமான நடையுள்ள ஓட்டக்காரருக்குக் கூடுதலாகக் காட்டிவிடும். கைக்கடிகாரங்கள் காட்டும் விஓ2 மேக்ஸும் இதே வகை மதிப்பீடுதான். ஏற்றத்தையும் இறக்கத்தையும் பார்க்க அது உதவும், ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட உதவாது.

இதயத் துடிப்பு வழி

மார்பில் கட்டும் பட்டை இருந்தால் தனியாக 30 நிமிடம், தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்சச் சீரான வேகத்தில் ஓடுங்கள். 10-ஆவது நிமிடத்தில் லேப் பொத்தானை அழுத்துங்கள். கடைசி 20 நிமிடச் சராசரித் துடிப்பு உங்கள் வாசல் துடிப்பு, அதாவது எல்லை வேகத்தை ஒட்டி ஓடும்போது வரும் துடிப்பு. மெதுவோட்டங்களை அதன் 85 சதவீதத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம். மணிக்கட்டுக் கடிகாரம் சில சமயம் துடிப்பை விட்டுவிட்டுக் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். மெதுவாக ஓடும்போதே 165, 170 என்று அசையாமல் நின்றால் அதுதான் காரணம்.

‘220 கழித்தல் வயது’ என்ற கணக்கை நம்பிப் பயிற்சி வகுக்காதீர்கள். ஒருவருக்கு 10, 12 துடிப்பு வரை தவறலாம். 1200 மீட்டர் சோதனையின் கடைசி 100 மீட்டரில் காணும் உச்சம் உங்கள் உண்மையான உச்சத்துக்கு மிக அருகில் இருக்கும்.

அனேரோபிக் பக்கத்தைத் தனியாகப் பார்ப்பது

கையிருப்பு குறைவு என்று வந்தால் அடுத்த கேள்வி: வேகமே இல்லையா, அல்லது வேகம் இருந்தும் நிலைக்கவில்லையா?

வேகத்துக்குப் பறக்கும் 30 மீட்டர். 30 மீட்டர் ஓடி வேகமெடுத்து, அடுத்த 30 மீட்டரை மட்டும் நேரம் பார்ப்பது. கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்தினால் 0.2 நொடி வரை எளிதாகத் தவறும், 3.6 நொடி ஓட்டத்தில் அது பெரிய பிழை. செல்போன் வீடியோ மேல். தடத்திலிருந்து 25 மீட்டர் தள்ளி, 30 மீட்டரின் நடுவுக்கு நேராகப் போனை அசையாமல் வையுங்கள். தொடக்கக் குறியில் ஒருவரை நிறுத்தி, போனில் பார்க்கும்போது அவரை மறைக்கிற மாதிரி ஒரு கம்பு நடுங்கள். முடிவுக் குறிக்கும் அப்படியே. கம்பைத் தடத்தின் ஓரத்திலேயே நேராக நட்டுவிட்டால் பார்வைக் கோணத்தால் தூரம் மாறிவிடும். நொடிக்கு 60 பிரேம் பதிவில், இடுப்பு முதல் கம்பைக் கடப்பதிலிருந்து இரண்டாவது கம்பைக் கடப்பதுவரை பிரேம்களை எண்ணி 60-ஆல் வகுங்கள். 216 பிரேம் என்றால் 3.6 நொடி, நொடிக்கு 8.33 மீட்டர். நடுவில் 4 நிமிட ஓய்வு விட்டு 3 முறை ஓடி, சிறந்ததை எடுங்கள்.

வேகம் நிலைக்கிறதா என்று பார்க்க ராஸ்ட் சோதனை. 35 மீட்டரை 6 முறை முழு வேகத்தில், நடுவில் 10 நொடி மட்டும் ஓய்வு. கபடி, கால்பந்து ஆடுபவர்களுக்கு மிகவும் பொருந்தும். இருவர் உதவ வேண்டும்: ஒருவர் ஓட்ட நேரத்தைப் பார்க்க, மற்றவர் 10 நொடியை எண்ணி ‘3, 2, 1’ சொல்ல. முடிவுக் கோட்டைத் தாண்டி 3 மீட்டரில் ஒரு கோன் வைத்து அதுவரை ஓடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கோட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பார்கள். அடுத்த ஓட்டம் எதிர்த் திசையில்.

சக்தி என்பது எடை பெருக்கல் தூரத்தின் வர்க்கம், வகுத்தல் நேரத்தின் கனம். 60 கிலோ எடையுள்ளவர் 5.0 நொடியில் ஓடினால் 588 வாட். கனம் எடுப்பதால் சிறு பிழையும் பூதாகரமாகும். அதே ஓட்டத்தை 5.2 என்று தவறாக அழுத்தினால் 523 வாட், 11 சதவீதம் போய்விடும். கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்திச் செய்பவர்கள் வாட் கணக்கை விட்டுவிட்டு இதைப் பாருங்கள்: 5.0, 5.15, 5.3, 5.5, 5.65, 5.8 என்று ஓடினால் கூட்டுத்தொகை 32.4. எல்லாவற்றையும் 5.0-இல் ஓடியிருந்தால் 30. சரிவு 8 சதவீதம். முதல் ஓட்டமே 5.4 ஆக இருந்து சரிவு 2 சதவீதம் என்று வந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம். அவர் ஆற்றலைச் சேமித்து ஓடியிருக்கிறார், சோதனை செல்லாது.

முடிவைப் பயிற்சியாக்குவது

எல்லை வேகம் குறைவானவர் வார ஓட்டத்தில் பெரும்பகுதியைப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை 1000 மீட்டர் 5 தடவை, எல்லை வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 3, 4 நொடி மெதுவாக, நடுவில் 90 நொடி ஓய்வு. நம் இரண்டாமவருக்கு அது 4:17 அல்லது 4:18. அவர் வீம்புக்கு 4:00-இல் ஓடினால் பயிற்சியின் நோக்கமே மாறிவிடும்.

கையிருப்பு குறைவானவருக்கு வாரம் ஒன்றிரண்டு முறை, நல்ல ஓய்வோடு குறுகிய ஓட்டம்: 200 மீட்டர் 6 தடவை, நடுவில் 4 நிமிடம். அல்லது மிதமான ஏற்றத்தில் 10 நொடி ஓட்டம் 8 தடவை, நடந்தே இறங்கி வருவது. ஓய்வைக் குறைத்தால் கடினமாகத் தோன்றும், ஆனால் வேகம் விழுந்து வேறு பயிற்சியாகிவிடும். எல்லை வேகம் ஏறும்போது கையிருப்பு சற்று இறங்குவது வழக்கம், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. 1600-இன் கணிப்பு நேரம் குறைகிறதா என்பதே முக்கியம்.

காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிப்பதுதான் வாசல். அதற்கு ஏரோபிக் அடித்தளமே போதும். பெண்களுக்கான 400 மீட்டர் 2 நிமிடம் 30 நொடி வரம்பும் அப்படித்தான். அந்தந்த ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

6 முதல் 8 வாரத்தில் மறுபடியும் அளங்கள். அதே தடம், அதே நேரம், அதே ஷூ, அதே உதவியாளர். எல்லை வேகத்தில் 1 சதவீதமோ கையிருப்பில் 20, 25 மீட்டரோ மாறியிருந்தால் அதை முன்னேற்றம் என்றோ சரிவு என்றோ எழுதாதீர்கள். ஒரு காலைக் காற்றே அவ்வளவு மாற்றும். தேர்வு நெருங்கிவிட்டால் கடைசி 10 நாள்களில் எந்தச் சோதனையும் வேண்டாம்.